பாலியெஸ்டரும் வெப்பமும்: பாடநூல் சொல்லாத பாதி

ஓசூரில் 'ஹீட் ட்ரீட்மெண்ட்' என்றால் என்ன என்று எவரும் கேட்பதில்லை. 1970-களில் இங்கே சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது. 1980-ல் அசோக் லேலண்டின் லாரிகளும் டி.வி.எஸ். மொபெட்டுகளும் இங்கிருந்து வெளிவரத் தொடங்கின. அவற்றுக்கும், பின்னர் வந்த பல ஆலைகளுக்கும், பல்சக்கரமும் தண்டும் செய்து கொடுக்கும் பட்டறைகள் தெருத் தெருவாகப் பெருகின. ஐ.டி.ஐ. முடித்துப் பட்டறையில் சேர்ந்த இளைஞன் ஆறே மாதத்தில் ஓர் உண்மையைக் கைப்பழக்கமாகவே கற்றுக்கொள்கிறான். எஃகின் வேதி இயைபு ஒன்றாகவே இருந்தாலும், அதை எவ்வளவு சூடாக்கினோம், எவ்வளவு விரைவாகக் குளிர்வித்தோம், பிறகு எந்த வெப்பநிலையில் 'டெம்பர்' செய்தோம் என்பதைப் பொறுத்து அது கண்ணாடிபோல் நொறுங்கவும் செய்யும், கம்பிபோல் வளையவும் செய்யும்.

இதே வட்டாரத்தில், எல்லைக்கு இரு பக்கமும், துணி தைக்கும் ஆலைகளும் துணி பதனிடும் ஆலைகளும் இருக்கின்றன. அங்கே கைமாறும் பாலியெஸ்டர் துணியும் வெப்பப் பதம் பெற்றதுதான். ஆனால் அதைப் பற்றி நம் மாணவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுப்பது மிகக் குறைவு. சொல்லும் சிறிதளவும் பாதி உண்மை. இந்தக் கட்டுரையின் குறை அதுதான்.

ஒரு நிகழ்ச்சியிலிருந்து தொடங்குகிறேன். என்னிடம் பயின்ற ஒருவர் துணி பதனிடும் ஆலை ஒன்றில் ஸ்டென்டர் எந்திரத்தில் வேலை பார்க்கிறார். ஸ்டென்டர் என்பது துணியின் இரு கரைகளையும் ஊசிகளால் பிடித்து, அகலமாக விரித்து, சூடான காற்று அறைகளின் ஊடே ஓட்டும் நீண்ட எந்திரம். சாயமிடுவதற்கு முன் பாலியெஸ்டர் துணியை இதில் ஏறத்தாழ 180° முதல் 210° செ. வரை சூடாக்கி நிலைப்படுத்துவார்கள். ஒரு நாள் சாயமேறி வந்த துணியில் நடுப்பகுதி அடர்ந்தும் ஓரங்கள் வெளிறியும் இருந்தன. மேற்பார்வையாளர் உடனே ஒரு முடிவுக்கு வந்தார்: "ஓரத்தில் சூடு அதிகம். சூடு அதிகமானால் படிகம் அதிகம். படிகத்துக்குள் சாயம் போகாது." ஓரங்களில் காற்று வரும் வழியைத் திருத்திச் சூட்டைக் குறைத்தார்கள். அடுத்த லாட்டில் ஓரங்கள் மேலும் வெளிறின. துணி திரும்பி வந்தது. அந்த ஷிப்டில் இருந்த நால்வருக்குச் சம்பளத்தில் பிடித்தம்.

"சார், நாங்கள் படித்தபடிதானே செய்தோம்?" என்று அவர் என்னிடம் வந்து கேட்டார். அவர் சொன்னது சரி. படித்தபடிதான் செய்தார்கள். ஆகவே படித்தது என்ன என்று பார்ப்போம்.

மேல்நிலை வகுப்பு வேதியியலில் பாலியெஸ்டர் ஒரு பத்தியில் வந்துபோகும். எத்திலீன் கிளைக்காலும் டெரிப்தாலிக் அமிலமும் சேர்ந்து, நீர் மூலக்கூறுகளை வெளிவிட்டு, டெரிலீன் என்னும் குறுக்கப் பல்லுறுப்பியைத் தருகின்றன. சமன்பாடு உண்டு, பயன்கள் உண்டு. மான்செஸ்டரைச் சேர்ந்த காலிகோ பிரின்டர்ஸ் சங்கத்தின் ஆய்வகத்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் 1941-ல் இதை உருவாக்கினர் என்ற செய்தியும் சில நூல்களில் இருக்கும். அத்தோடு சரி. சமன்பாட்டை எழுதத் தெரிந்த மாணவனுக்கு, அதே சமன்பாட்டின்படி வந்த பொருள் தையல் நூலாகவும், லாரி டயரின் உள்கயிறாகவும், தண்ணீர்ப் புட்டியாகவும், ஒலிநாடாவாகவும் எப்படி ஆகிறது என்பது தெரியாது. வேதி இயைபு எல்லாவற்றிலும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபடுவது, அந்தப் பொருள் பட்ட சூடும் பட்ட இழுப்பும்.

சமன்பாட்டைத் தாண்டிச் செல்லும் துணிநுட்ப நூல்கள் இரண்டு விளக்கங்களைத் தருகின்றன. ஒன்று மெழுகு உவமை: சூட்டில் இளகும், வேண்டிய வடிவில் வைத்துக் குளிரவிட்டால் அப்படியே நிற்கும். மற்றொன்று படிக விளக்கம்: சூடாக்கினால் படிகம் வளரும், அதனால் இழை வலுவாகும், சுருங்காது, சாயம் குறைவாக ஏற்கும். முதல் விளக்கத்தை விரைவில் தள்ளிவிடலாம். பாலியெஸ்டர் கண்ணாடித் தன்மையை விட்டு இளகத் தொடங்குவது 70° முதல் 80° செ. அளவில். நன்கு இழுத்து நீட்டிய இழையில் அது 100°-க்கும் மேலே போகும். உருகுவது 255° முதல் 260° வரை. மெழுகு உவமை சரியென்றால், இளகும் எல்லையைத் தாண்டிய எந்தச் சூட்டில் மடிப்பு வைத்தாலும் பலன் ஒன்றாக இருக்க வேண்டும். அப்படி இல்லை. 100° அளவில் நிலைப்படுத்திய மடிப்பு கொதிநீரில் தளர்ந்துவிடுகிறது. 190°-ல் நிலைப்படுத்திய மடிப்போ கொதிநீரைப் பொருட்படுத்துவதே இல்லை. மெழுகுக்கு இத்தகைய நினைவு கிடையாது.

இரண்டாவது விளக்கம்தான் கவனமாகப் பார்க்க வேண்டியது. அதில் உண்மை இருக்கிறது. இருப்பதனால்தான் அது ஆபத்தானது.

துணி இழைக்கான பாலியெஸ்டர் மூலக்கூறு ஒரு நீண்ட சங்கிலி. ஏறத்தாழ நூறு கண்ணிகள் கோத்தது. ஒவ்வொரு கண்ணியிலும் விறைப்பான பென்சீன் வளையம் ஒன்று, இரண்டு கார்பன்கள் கொண்ட வளையக்கூடிய கிளைக்கால் துண்டு ஒன்று. இந்தத் துண்டு நீண்டும் நிற்கலாம், முழங்கைபோல் மடங்கியும் நிற்கலாம். படிகத்துக்குள் இடம் கிடைப்பது நீண்டு நிற்பவற்றுக்கு மட்டுமே. 1954-ல் டாபினி, பன், பிரவுன் ஆகிய மூவர் எக்ஸ்-கதிரால் இந்தப் படிகத்தின் அமைப்பைக் கண்டு வெளியிட்டனர். உருகிய குழம்பை 280°-க்கு மேல் நுண்துளைகள் வழியாகப் பிதுக்கிச் சட்டென்று குளிரவிட்டால், சங்கிலிகளுக்கு ஒழுங்காக அடுக்கிக்கொள்ள நேரம் இருக்காது. பழைய முறையில் மெதுவாகச் சுற்றியெடுத்த இழையில் படிகம் அநேகமாக இல்லை என்றே சொல்லலாம். பிறகு அதை 80°, 90° அளவில் மூன்று நான்கு மடங்கு நீளத்துக்கு இழுக்கும்போதுதான் சங்கிலிகள் இழையின் திசையில் திரும்புகின்றன, சிறு படிகங்கள் தோன்றுகின்றன. ஆனால் இந்த இழை இன்னும் அமைதி அடையாத இழை. கொதிநீரில் போட்டால் கணிசமாகச் சுருங்கிவிடும். அதை அமைதிப்படுத்துவதற்குத்தான் வெப்பப் பதம்.

படிகம் எவ்வளவு என்பதை அடர்த்தியிலிருந்து மாணவரே கணக்கிடலாம். படிகமே இல்லாத பாலியெஸ்டரின் அடர்த்தி 1.335. முழுப் படிகமானால் 1.455. இரண்டுக்கும் வேறுபாடு 0.120. ஓர் இழையின் அடர்த்தி 1.380 என்றால், 1.380-லிருந்து 1.335-ஐக் கழிக்க 0.045. அதை 0.120-ஆல் வகுக்க ஏறத்தாழ 37 விழுக்காடு வரும். வெப்பப் பதத்துக்குப் பின் அடர்த்தி 1.395 ஆனால், அதே கணக்கில் 50 விழுக்காடு. ஆம், சூடாக்கினால் படிகம் வளரத்தான் செய்கிறது. அதுவரை பாடம் சரி.

இனிமேல்தான் இடறல். இரண்டு இழைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றை இரு முனையும் சட்டத்தில் கட்டி, சுருங்க விடாமல் 200°-ல் சூடாக்குங்கள். மற்றொன்றைத் தளரவிட்டு, விரும்பியபடி சுருங்கிக்கொள்ள விட்டு, அதே 200°-ல் சூடாக்குங்கள். இரண்டிலும் படிகம் வளர்ந்திருக்கும். 'படிகம் என்றால் வலு' என்ற விதிப்படி இரண்டும் விறைப்படைந்திருக்க வேண்டும். ஆனால் கட்டிவைத்த இழை தன் விறைப்பைப் பெரிதும் காத்துக்கொள்கிறது. தளரவிட்ட இழையோ நெகிழ்ந்துபோகிறது. சிறிது இழுத்தாலே நீள்கிறது, அறுவதற்கு முன் வெகுதூரம் நீள்கிறது. படிகம் கூடியும் விறைப்புக் குறைந்தது எப்படி?

இதை நம் நாட்டிலேயே விரிவாக ஆராய்ந்திருக்கிறார்கள். டெல்லி ஐ.ஐ.டி.யின் துணிநுட்பத் துறையைச் சேர்ந்த வி. பி. குப்தாவும் சதீஷ் குமாரும், விற்பனையில் உள்ள பாலியெஸ்டர் இழையை இறுகப் பிடித்தும் தளரவிட்டும் வெவ்வேறு வெப்பநிலைகளில் பதப்படுத்தி, அமைப்பு எப்படி மாறுகிறது, அதற்கேற்பப் பண்புகள் எப்படி மாறுகின்றன என்று அளந்து, 1981-ல் பல பகுதிகள் கொண்ட தொடர் கட்டுரைகளாகப் பல்லுறுப்பி அறிவியல் இதழ் ஒன்றில் வெளியிட்டனர். சி. ரமேஷும் சேர்ந்த அடுத்த தொடர் 1984-ல் வரத் தொடங்கியது. அந்த ஆய்வுகளின் சாரம் இது: படிகத்தின் அளவை மட்டும் வைத்து இழையின் இயல்பைச் சொல்ல முடியாது. படிகமற்ற பகுதியில் சங்கிலிகள் எவ்வளவு ஒழுங்காக நீண்டிருக்கின்றன, அந்தப் பகுதியும் படிகப் பகுதியும் எப்படிப் பிணைந்திருக்கின்றன என்பவையும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

ஓசூர்ப் பக்கத்தில் ரோஜாவும் சாமந்தியும் ஏராளமாதலால் ஒரு பூச்சரத்தைக் கொண்டு இதை விளக்குகிறேன். பூக்களை நாரில் முடிச்சிட்டுக் கட்டுகிறோம். முடிச்சுதான் படிகம். முடிச்சுக்கும் முடிச்சுக்கும் இடையே உள்ள நார்தான் படிகமற்ற பகுதி. முடிச்சுகள் எவ்வளவு இறுக்கமாக இருந்தாலும், இடையில் உள்ள நார் தொங்கலாக இருந்தால் சரத்தைப் பிடித்து இழுத்ததும் நீளும். முடிச்சைக் கூட்டிப் பயனில்லை. தளரவிட்டுச் சூடாக்கும்போது நிகழ்வது இதுவே. நீண்டு நின்ற சங்கிலித் துண்டுகள் மடங்கிச் சுருள்கின்றன, சில பகுதிகள் மடிந்து மடிந்து படிகத்தில் சேர்ந்துவிடுகின்றன, மீதி தொங்கலாகிறது. கட்டிவைத்துச் சூடாக்கினால் அதற்கு வழியில்லை. சங்கிலிகள் நீண்ட நிலையிலேயே படிகம் வளர்கிறது.

பட்டறை இளைஞனுக்கு இது புதிய செய்தி. பல்சக்கரத்தை உலையில் வைக்கும்போது அதன் இரு பக்கமும் பிடித்து இழுத்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அவனுடைய ஏட்டில் வெப்பநிலை, நேரம், குளிரும் வேகம் என்ற மூன்று பத்திகள் போதும். இழைக்கு நான்காவதாக இழுவிசைக்கும் ஒரு பத்தி வேண்டும். டயர் கயிறு செய்பவர்கள் இதை என்றோ அறிந்திருந்தார்கள். பசைக் கரைசலில் தோய்ந்த பாலியெஸ்டர்க் கயிற்றை உயர்ந்த சூட்டில், இழுத்துப் பிடித்தபடியேதான் ஓட்டுகிறார்கள். கடைசியில் அளவோடு சிறிது தளர்த்தி, பின்னால் சுருங்கும் ஆசையையும் போக்கிவிடுகிறார்கள். எவ்வளவு தளர்த்துவது என்பதுதான் அந்தத் தொழிலின் நுட்பம். பாடநூல் மட்டும் வெப்பத்தை மட்டுமே பேசிக்கொண்டிருக்கிறது.

எஃகுக்கும் இழைக்கும் ஒற்றுமையும் உண்டு. 180°-ல் டெம்பர் செய்த பல்சக்கரம் 100°-ல் வேலை செய்தால் தன் கடினத்தை இழப்பதில்லை. 300°-க்குக் கொண்டுபோனால் இழக்கும். பாலியெஸ்டரும் தான் பட்ட சூட்டை நினைவில் வைத்துக்கொள்கிறது. சிறிதளவு இழையைச் சீராகச் சூடாக்கி, அது உறிஞ்சும் வெப்பத்தைப் பதிவுசெய்யும் கருவி ஒன்று உண்டு. அதில் வரையும் கோட்டில் 255° அருகே பெரிய உருகல் மேடு ஒன்று தெரியும். வெப்பப் பதம் பெற்ற இழையில் அதற்கு முன்பே சிறிய மேடு ஒன்றும் தெரியும். பதப்படுத்திய வெப்பநிலைக்குச் சற்று மேலேதான் அது நிற்கும். பதப்படுத்தும்போது உருவான சிறு படிகங்கள், அந்தச் சூட்டைத் தாண்டியதும் கரைவதன் அடையாளம் அது என்று கொள்கிறார்கள். துணி எந்தச் சூட்டில் பதப்பட்டது என்று ஆலைக்காரர் மறந்துபோனாலும் துணி மறப்பதில்லை! 190°-ல் வைத்த மடிப்பு கொதிநீரில் ஏன் கலையவில்லை என்பதும் இப்போது விளங்கும். அதைப் பிடித்துவைத்திருக்கும் படிகங்கள் 100°-ல் அசைவதில்லை.

அமைப்பு வேறானால் பண்பு வேறு என்பதை ஆய்வகம் இல்லாமலும் காணலாம். கிருஷ்ணகிரி மாவட்டம் மாங்கூழுக்குப் பேர்போனது. பெங்களூரா என்றும் கிளிமூக்கு என்றும் சொல்லப்படும் மாங்காய்தான் அதில் பெரும்பங்கு. மாம்பழ பானத்தைப் புட்டியில் அடைக்கும் முறைகளுள் ஒன்று, அதை 85° அளவில் சூடாகவே ஊற்றுவது. சாதாரணத் தண்ணீர்ப் புட்டியில் அவ்வளவு சூடான நீரை ஊற்றினால் அது நெளிந்து சுருங்கிவிடும். சூடாக நிரப்புவதற்கென்று செய்த புட்டி அசையாமல் நிற்கும். இரண்டும் நம் இழையின் அதே பாலியெஸ்டர்தான். பின்னதை, ஊதி விரித்த கையோடு, சூடான அச்சின் சுவரில் அழுந்த வைத்துப் பதப்படுத்தியிருக்கிறார்கள். கட்டிவைத்த இழையைப் போல அதுவும் சுருங்க வழியில்லாமல் சூடு பட்டது. இவ்வகைப் புட்டிகள் சிலவற்றின் கழுத்து பால்போல் வெண்மையாக இருக்கும். அந்தக் கழுத்து இழுபடாத பகுதி. இழுக்காமல் சூடாக்கியதால் பெரிய கோளப் படிகங்கள் வளர்ந்து ஒளியைச் சிதறடிக்கின்றன. உடற்பகுதியிலும் படிகம் உண்டு. ஆனால் இழுப்பினால் அவை நுண்ணியவை, ஆகவே கண்ணாடிபோல் தெளிவு. இழுபடாமல் படிகமான பாலியெஸ்டர் எளிதில் நொறுங்கும். இழுபட்டுப் படிகமானது வளைந்து கொடுக்கும். 'படிகம் என்றால் வலு' என்பவர்கள் இந்த ஒரு புட்டியைப் பார்த்தால் போதும். வீட்டில் செய்து பார்க்கும் மாணவர்கள் பெரியவர்களை உடன் வைத்துக்கொண்டு, அடியில் ஒரு தட்டை வைத்து வெந்நீரை ஊற்றவும். அந்த நீரைக் குடிக்க வேண்டாம்.

இனி சாயத்துக்கு வருவோம். பாலியெஸ்டருக்குரிய சாயம் நீரில் நுண்துகளாய்ப் பரவி நிற்பது. அழுத்தக் கலத்தில் 130° அளவில் அது இழைக்குள் ஊடுருவுகிறது. படிகத்துக்குள் அதற்கு வழியில்லை என்பது உண்மை. ஆகவே நிலைப்படுத்தும் சூட்டை 120°, 140°, 160° என்று உயர்த்தினால் சாயம் ஏற்பது குறைந்துகொண்டே வருகிறது. பாடமும் இதையே சொல்கிறது. ஆனால் 160° முதல் 180° வரையுள்ள எல்லையில் எங்கோ ஓரிடத்தில் அந்தக் குறைவு அடித்தளத்தைத் தொடுகிறது. அதற்கு மேல் சூட்டை உயர்த்தினால் சாயம் ஏற்பது மீண்டும் கூடுகிறது! 200°-க்கு மேல் விரைவாகவே கூடுகிறது. படிகம் அப்போதும் வளர்ந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் வளரும் விதம் மாறிவிட்டது. பல சிறு படிகங்கள் கரைந்து, குறைந்த எண்ணிக்கையில் பெரியனவாகச் சேர்கின்றன. அவற்றுக்கு இடையே உள்ள வெளிகளும் பெரிதாகின்றன, அங்குள்ள சங்கிலிகள் தளர்கின்றன. சாயத்துக்கு வேண்டியது அந்த வெளிதான். ஒரு கூடையில் கடுகை நிரப்பினாலும் தேங்காயை நிரப்பினாலும் கூடை நிறைந்துதான் இருக்கிறது. கை நுழைவது தேங்காய்களுக்கு இடையேதான்.

ஆய்வுக் கட்டுரைகளின் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. ஆய்வகத்தில் 'கட்டியது', 'தளரவிட்டது' என்று இரண்டே நிலைகள். ஸ்டென்டரில் அப்படி இல்லை. கரைகள் ஊசியில் இருக்கின்றன, துணி அகலத்தில் இழுபடுகிறது, நீளத்தில் வேண்டுமென்றே சற்றுக் கூடுதலாக ஊட்டப்படுகிறது. ஒரே துணியில் பாவு நூல் பாதி தளர்ந்தும் ஊடை நூல் விறைத்தும் சூடுபடலாம். சூடுபடும் நேரமும் சில பத்து விநாடிகளே. ஆய்வின் எண்களை அப்படியே எந்திரத்தில் பொருத்தினால் வேறுவிதமாக ஏமாறுவோம். எண்களை அல்ல, கோட்டின் வடிவத்தைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்தச் சாயக் கோடு ஒரு பள்ளத்தாக்கு என்பது தெரிந்திருந்தால், மேற்பார்வையாளர் சூட்டைக் குறைப்பதற்கு முன் ஒரு கேள்வி கேட்டிருப்பார்: நாம் பள்ளத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிறோமா, அந்தப் பக்கமா?

என் பழைய மாணவரிடம் ஒரு சிறு சோதனை சொன்னேன். செலவில்லாதது. திரும்பி வந்த முதல் லாட்டில், ஓரத்திலிருந்தும் நடுவிலிருந்தும் பாவு நூல்களை உருவி, அரை மீட்டர் அளந்து வெட்டிக்கொண்டு, ஆய்வக அடுப்பில் 190°-ல் சில நிமிடம் தொங்கவிட்டு மீண்டும் அளக்கச் சொன்னேன். குறைந்த சூட்டில் பதப்பட்ட நூல்தான் கூடுதலாகச் சுருங்க வேண்டும். ஒரு வாரம் கழித்து வந்தார். ஓரத்து நூல்கள்தான் அதிகம் சுருங்கியிருந்தன. பத்து நூல்களில் ஒன்றுகூட மாறவில்லை. ஓரத்தில் சூடு அதிகமாக இல்லை, குறைவாகவே இருந்திருக்கிறது. நடுப்பகுதி பள்ளத்தைத் தாண்டி மேலேறி அடர்ந்தது, ஓரம் பள்ளத்தின் அருகே வெளிறி நின்றது. அதைத் திருத்தப்போய் இன்னும் பள்ளத்துக்குள் தள்ளியிருக்கிறார்கள்.

நூல்களை ஒரு வெள்ளை அட்டையில் வரிசையாக ஒட்டி, நீளத்தைப் பக்கத்தில் எழுதி, மேற்பார்வையாளரிடம் காட்டியிருக்கிறார். அவர் அட்டையை நெடுநேரம் பார்த்துவிட்டு, ஓரத்துக் காற்று வழியைப் பழையபடி திறந்துவிடச் சொன்னாராம். பிடித்த சம்பளம் இன்னும் வரவில்லை.